கடைசிப் பெட்டி

மக்களே, மறுபடியும் ஒரு பொம்மை ரயில் புராணம். தங்கமணி இதெல்லாம் படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்துல விலையையும் சொல்லிடறேன்: நாற்பது டாலர் :-)

வாங்கினது ஒரு கபூஸ். ஒரு காலத்துல அமெரிக்க சரக்கு ரயில்களோட வால்ல ஓடின கார்டு பெட்டி. கண்டக்டரும் பிரேக்மேனும் அதுலதான் இருப்பாங்க. அடுப்பு, படுக்கை, மேசை எல்லாம் உள்ளேயே. கூரை மேல குட்டியா ஒரு கண்ணாடி மாடம். அதுல உட்கார்ந்து, எந்தப் பெட்டியிலயாவது அச்சு சூடேறிப் புகையுதான்னு பார்த்துக்கிட்டே வருவாங்க. 1980களில் பெரும்பாலான ரயில்கள்ல இதைக் கழட்டிட்டு, பிரேக் குழாய் அழுத்தத்தை ரேடியோவுல எஞ்சினுக்குச் சொல்ற ஒரு மினுக்கு விளக்கை மாட்டிட்டாங்க.

என்னோடது ஹெச்.ஓ அளவு, நிஜத்துல 87-ல ஒரு பங்கு. 'ரெடி டு ரன்' ரகம். பிரிச்சு தண்டவாளத்துல வெச்சா ஓடணும். ஓடிச்சா?

நேர்ப்பாதையில ஓடிச்சு. பாயிண்ட் வந்ததும் கவுந்துடுச்சு. கேஜ் வெச்சுப் பார்த்தா ஒரு அச்சுல சக்கரம் ரெண்டும் நெருங்கி இருக்கு. லேசா திருகி இழுத்து சரிபண்ணினேன். அடுத்தது எடை. என்.எம்.ஆர்.ஏ சிபாரிசுப்படி ஒரு அவுன்ஸ், கூடவே ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். அஞ்சு அங்குல வண்டிக்கு மூணரை அவுன்ஸ், அதாவது 99 கிராம். சமையல்கட்டுத் தராசு 71 காட்டுச்சு! ஒரு பென்னி 2.5 கிராம், உள்ளே 11 பென்னி ஒட்டினேன். பெயிண்டும் எழுத்தும் மட்டும் பிரமாதம். பத்துக்கு எட்டுன்னு மனசுல மார்க் போட்டேன்.

அப்போ ஊர்லேர்ந்து அப்பா வந்திருந்தார். ஜோலார்பேட்டையில கூட்ஸ் கார்டா இருந்து ரிடையர் ஆனவர். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் டெயில் லேம்ப் இருக்கேடா. இதுல எது கடைசி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தக் காலத்து கபூஸ்ல எந்தப் பக்கம் வாலோ அங்கதான் விளக்கை மாட்டுவாங்க. கம்பெனிக்காரன் அழகுக்காக நாலு மூலையிலயும் ஒட்டி வெச்சிருக்கான். நான் கிராம் கிராமா நிறுத்தேனே தவிர இதைக் கவனிக்கலை.

"அந்த விளக்கைப் பார்த்தாத்தான் வண்டி முழுசா வந்துச்சுன்னு ஸ்டேஷன்ல தெரியும். இல்லேன்னா பாதி எங்கயோ நிக்குதுன்னு அர்த்தம்."

"உங்களுக்கு அப்படி ஆயிருக்காப்பா?"

ஆயிருக்கு. ஒரு மழை ராத்திரி கப்ளிங் அறுந்து பாதி வண்டி நின்னுடுச்சாம். ஹாண்ட் பிரேக்கை இறுக்கிட்டு, பின்னாடி வர்ற வண்டியை நிறுத்த தண்டவாளத்துல டெட்டனேட்டர் வைக்கப் போயிருக்கார். 600 மீட்டர்ல ஒண்ணு, 1200 மீட்டர்ல மூணு. இருட்டுல, தனியா. "நமக்கு அடுப்பு எங்கடா, படுக்கை எங்கடா. கக்கூஸே கிடையாது"ன்னு சிரிச்சார்.

சின்ன வயசுல அப்பான்னா எனக்கு மூடின கதவுதான் ஞாபகம். பகல்ல தூங்குவார், சத்தம் போட்டா அம்மா அடிப்பாங்க. அந்தக் கதவு மேல எனக்கு ரொம்ப நாள் கோபம். அதுக்கு முந்தின ராத்திரி என்ன நடந்திருக்கும்னு ஒரு தடவைகூட கேட்டதில்லை. இந்த பொம்மை வரலேன்னா இப்பவும் கேட்டிருக்க மாட்டேன்.

முன்பக்க விளக்கு ரெண்டையும் பிளேடால செதுக்கி எடுத்துட்டு வண்டியை விட்டேன். ஒரு சுத்து வந்து நின்னுச்சு. அப்பா மேசை மட்டத்துக்குக் குனிஞ்சு பார்த்தார்.

"ம்... முழுசா வந்துடுச்சு."

பி.கு: கபூஸ் வாங்கறவங்க முதல்ல சக்கர இடைவெளி, அப்புறம் எடை, அப்புறம் விளக்கு பாருங்க. மார்க்கை ஏழாக் குறைச்சுட்டேன். விலையை எங்க வீட்டுல சொல்லிடாதீங்க.