மங்கலாக எரியும் டயோடு

செத்துப்போன லேசர் டயோடு பெரும்பாலும் இருண்டு போவதில்லை, எரிந்துகொண்டேதான் இருக்கும். பலரும் ஏமாறுவது இதில்தான். லென்சைத் திருகித் திருகிப் பார்ப்பார்கள், புள்ளி கூடிவராது. கரண்டை ஏற்றுவார்கள், சூடுதான் ஏறும். டயோடுக்குள் ஒளி வெளிவருகிற முகப்பு மிக மிகச் சிறியது. அளவு மீறிய கரண்ட் ஒரு கணம் பாய்ந்தால் போதும், தன் ஒளியின் சூட்டிலேயே அந்த முகப்பு உருகிவிடும். அதன்பின் அது விலை கூடிய எல்இடி.

என்னிடம் வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. பழைய டிவிடி ரைட்டரில் கழற்றிய 650 நானோமீட்டர் சிவப்பு ஒன்று. பிளைவுட்டில் பெயர் பொறிக்கிற 450 நானோமீட்டர் நீலம் மற்றொன்று. எதுவானாலும் நான் முதலில் மல்டிமீட்டரைத் தொடுவதில்லை. முகப்பு உருகிய டயோடையும் மீட்டர் நல்லதென்றே காட்டக்கூடும். நீல டயோடுக்கோ பல மீட்டர்களின் டயோடு ரேஞ்சில் வோல்டேஜ் போதாது. நல்லதையும் ஓபன் என்று சொல்லிவிடும்.

தாள்தான் எனக்கு மீட்டர். லென்சைக் கழற்றிவிட்டு, சிவப்பென்றால் 100 மில்லி ஆம்பியர் அளவில் ஓட்டி, வெள்ளைத் தாளில் ஒளியை விழவைப்பேன். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் போன் கேமரா வழியாகப் பார்ப்பேன். உயிருள்ள டயோடென்றால் ஒளி நீள்வட்டமாக விழும். அதற்குள் மணலைத் தூவியது போலப் பொடிப்பொடியாக மினுங்கும். போனை லேசாக அசைத்தால் அந்தப் பொடியும் நகரும். செத்த டயோடின் ஒளியில் பொடியே இருக்காது, வழவழவென்று பரவிக் கிடக்கும்.

"அண்ணே, இதே டயோடு ரிச்சி தெருவுலயே கிடைக்குது, வாங்கி மாட்டிரலாமே" என்பார்கள். மாட்டலாம் தம்பி, கரண்ட் கொடுக்கிற இதே டிரைவர் அதையும் காவு வாங்கும். எது கொன்றது என்று தெரியாமல் புது டயோடை வைக்கவே கூடாது. அதனால் லேசர் டயோடு இருக்கிற இடத்தில் 1N4007 டயோடுகளை வரிசையாகக் கோக்கிறேன்: சிவப்புக்கு மூன்று, நீலத்துக்கு ஆறு. கூடவே ஒரு ஓம் ரெசிஸ்டர். அதன் இரு முனைகளில் 200 மில்லிவோல்ட் இருந்தால் 200 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம், கணக்கே போட வேண்டாம். எல்எம்317 டிரைவரில் 6.2 ஓம் வைத்தால் இந்த அளவுதான் வரும். வேரியபிள் ரெசிஸ்டர் இருந்தால் அதை மெல்லத் திருகிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது எண் துள்ளினால் குற்றவாளி அதுதான்.

டிரைவர் சுத்தமாக இருந்தால் அடுத்து ஒயர். அவுட்புட்டில் கெபாசிட்டர் இருக்கிற டிரைவரில் டயோடின் ஒரு கால் ஒரு நொடி விட்டுப்போனால், கெபாசிட்டர் சப்ளை வோல்டேஜ் வரைக்கும் ஏறிக் காத்திருக்கும். கால் மறுபடி தொட்டதும் மொத்தமும் டயோடுக்குள் இறங்கிவிடும். லொடலொட என்றிருக்கும் ஒரு சால்டர் போதும், டயோடு காலி.

ஸ்டேட்டிக் மின்சாரத்தைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஏசி அறையில் அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் சென்னைப் புழுக்கத்தில் நான் அதைவிடச் சந்தேகப்படுவது, எர்த் இல்லாத இரண்டு பின் சால்டரிங் அயர்னை. அதன் முனையில் கசிகிற மின்சாரத்தைக் கை உணராது, டயோடு உணரும். கால்களை மெல்லிய செப்புக் கம்பியால் சுற்றி ஒன்றாக்கிவிட்டு சால்டர் வைப்பேன். எல்லாம் முடிந்த பிறகுதான் கம்பி அவிழும்.

இத்தனையும் பார்க்குமுன் லென்சைப் பார்த்துவிட வேண்டும். பொறிக்கிற மெஷின் "பவர் குறைஞ்சிருச்சு" என்று வந்தால் பெரும்பாலும் டயோடுக்கு ஒன்றுமில்லை. பிளைவுட் புகை லென்சில் படிந்து பழுப்பேறியிருக்கும். ஈடுகட்டுவதற்காகக் கரண்டை ஏற்றினால்தான் டயோடு நிஜமாகவே சாகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் அழுத்தாமல் துடைத்து, ஃபேனில் அடைந்த கரியையும் எடுத்துவிட்டால் பழைய கரண்டிலேயே பழைய வெட்டு விழும். பொறிக்கிற இடத்தில் காற்று ஊதும்படி ஒரு குழாயை வளைத்து வைக்கச் சொல்கிறேன், புகை லென்சுக்கு அவ்வளவாக ஏறாது. மீன்தொட்டிப் பம்பே தாராளம்.