பேத்தைக்கு ஒரு கூட்டாளி

வாவியில வீச்சுவலை எறியிற ஆக்களுக்குப் பேத்தை என்றால் எரிச்சல். நஞ்சு மீன், கறிக்கு உதவாது. வலையில வந்தால் கழட்டி எறிஞ்சுபோட்டு அடுத்த வீச்சுக்குப் போய்விடுவார்கள். கல்லடிப் பாலத்தடியில அது பந்து மாதிரி ஊதிக்கொண்டு கிடக்க, சின்ன வயதில நாங்கள் ஈர்க்கிலால தட்டிப் பார்த்திருக்கிறோம். அதே பேத்தையைக் கடையில காசு குடுத்து வாங்குவோம் என்று அப்ப ஆரும் சொல்லியிருந்தால் சிரிச்சிருப்போம்.

வாங்கினோம். மூன்று பேர் சேர்ந்து எடுத்த அறை, மூன்று பேரும் காசு போட்டு வாங்கின மூன்றடித் தொட்டி, உள்ளே பெருவிரல் அளவில ஒரேயொரு பச்சைப்புள்ளிப் பேத்தை. ஒரு வருடத்துக்குப் பிரச்சினை ஒன்றும் இல்லை.

எங்களில ஒருத்தன் கட்டாருக்குப் போன மாதம்தான் அந்த மீன் தனிய நிக்கிறது எங்கட கண்ணில பட்டது. நாள் முழுக்கக் கண்ணாடியோட ஒட்டிக்கொண்டு மேலும் கீழுமாக நீந்தியது. பாவம், கூட்டாளி இல்லாத கவலை என்று மிச்ச இரண்டு பேரும் முடிவெடுத்தோம். நாலு மொலி வாங்கி விட்டோம்.

மொலிக்கு உப்புத் தண்ணி ஒத்துவரும் என்று வாசிச்சிருந்தோம். அதை மட்டும்தான் பார்த்தோம். அடுத்த நாள் காலையில இரண்டு மொலிக்கு வாலில்லை. மூன்றாம் நாள் ஒன்று செத்து மிதந்தது. பேத்தைக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நாலு பல்லு. அலகு மாதிரி இறுகி இருக்கும், நத்தை ஓட்டையே நொறுக்கும். அந்தப் பல்லு சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கடிச்சுத் தேய்க்க ஏதாவது வேணும். அதுக்கு முன்னால மெதுவாக வாலை ஆட்டிக்கொண்டு போற மீனை விட்டது நாங்கள். கட்டாருக்கு வொய்ஸ் போட்டோம். “மச்சான், நீங்க கூட்டாளி வாங்கிக் குடுக்கல்லடா, சாப்பாடு வாங்கிக் குடுத்திருக்கிறீங்க” என்று பதில் வந்தது. மிச்ச மூன்று மொலியையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்தோம். செத்ததைப் பற்றி அவளுக்குச் சொல்லவில்லை.

அதுக்குப் பிறகுதான் ஒழுங்காகத் தேடி வாசிச்சோம். முதல் பிழை கூட்டாளியில இல்லை, தண்ணியில. நல்ல தண்ணி மீன் என்று சொல்லித்தான் கடையில தந்தார்கள். குஞ்சாக இருக்கிற வரைக்கும் தாக்குப்பிடிக்கும். வளர வளர அதுக்குச் சவர் வேணும். வாவியே அப்படித்தானே, மாரியில தண்ணி நன்னீராகும், கோடையில உப்பு ஏறும். ஓ/எல்லில் பாடமாக்கி மறந்த சாரடர்த்தி ஒருவழியாக உதவியது. நல்ல தண்ணி 1.000, கடல் 1.025 அளவு. ஒரு பங்கு கடல் தண்ணிக்கு நாலு பங்கு கிணத்துத் தண்ணி கலந்தால் 1.005. சைக்கிளில கான் கட்டிக் கல்லடிக் கடலில அள்ளினோம். (வாவித் தண்ணியையே அள்ளியிருக்கலாமே என்பீர்கள். அதுக்குள்ள எந்தெந்தக் கான் வந்து விழுகுது என்று எங்களுக்குத் தெரியும். இது மற்றக் கான்.) ஒரே நாளில மாற்றினால் மீனும் தாங்காது, பில்டருக்குள்ள கழிவை உடைக்கிற பக்டீரியாவும் தாங்காது. அதனால வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஹைட்ரோமீற்றர் பார்த்துப் பார்த்து.

தண்ணி சரிவந்த பிறகு திரும்பவும் கூட்டாளிப் பட்டியல் போட்டோம். ஸ்காட் வேகமான மீன், பேத்தையிட்ட லேசில கடி வாங்காது, அதே உப்பிலதான் வாழும். ஆனால் ஓரடிக்குக் கிட்ட வளரும், ஒன்றை மட்டும் விடவும் ஏலாது; அதுக்குத் தொட்டி இல்லை, அறைதான் கட்ட வேணும். மோனோவும் கூட்டமாகத்தான் இருக்கும். பம்பிள்பீ கோபி வாய்க்குள்ளயே போயிடும். இறாலைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. இன்னொரு பேத்தை? அதுகள் தங்களுக்குள்ளயே சண்டை பிடிக்கும், ஆளுக்கு இடம் வேணும்.

இரண்டு கிழமை இதைப் பற்றி வாக்குவாதப்பட்டோம். ஒருத்தர் ஸ்காட் என்றார், மற்றவர் மொலியை ஞாபகப்படுத்தினார். கடைசியில ஒரு மீனும் வாங்கவில்லை. மீனுக்குத் தனிமை என்று எங்களுக்கு ஆர் சொன்னது? அறையில ஒரு கட்டில் வெறுமையாக இருந்தது, அதுதான் நடந்தது. உடைஞ்ச ஓட்டுத் துண்டுகளையும் கல்லுகளையும் அடுக்கி, அது புகுந்து திரியப் பொந்துகள் செய்தோம். வாளியில நத்தை வளர்த்தோம். கண்ணாடியோட மேலும் கீழும் ஓடுறது குறைஞ்சு, ஓட்டுத் துண்டுகளுக்குள்ள மூக்கை விட்டுத் தேடத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. வீடியோ கோல் எடுத்தால் எங்களைக் கேட்கிறதுக்கு முதல் பேத்தையைத்தான் கேட்பான். போனைக் கண்ணாடியில சாத்தி வைத்துவிட்டு நத்தை ஒன்று போடுவோம். பேத்தைக்கு இரண்டு கண்ணும் தனித்தனியாகத் திரும்பும். ஒரு கண் நத்தையில இருக்கும், மற்றது போனில.