மூன்று தட்டும் ஒரு கார்வையும்

மனிதன் குதிரையின் மேல் ஏறத் தொடங்கி 4,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவ்வளவு காலமும் கண்ணெதிரே ஓடிய குதிரையின் கால்கள் எப்படிப் போகின்றன என்பது மட்டும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ழெரிக்கோ என்ற பிரெஞ்சு ஓவியர் 1821-இல் எப்ஸம் பந்தயத்தைத் தீட்டியபோது, முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் நீட்டிக் குதிரைகளை அந்தரத்தில் பறக்கவிட்டார். பார்க்க அழகுதான், ஆனால் குதிரை அப்படி ஓடுவதில்லை. 1878-இல் கலிபோர்னியாவில், ஸ்டான்போர்டு என்ற ரயில்வே சீமானின் செலவில், மைபிரிட்ஜ் என்பவர் காமிராக்களை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார். அப்போது உண்மை வெளிப்பட்டது. நான்கு கால்களும் மண்ணைவிட்டு எழுவது மெய். ஆனால் அவை நீண்டிருக்கும்போது அல்ல. வயிற்றின் கீழே மடங்கிச் சேரும்போது.

கண்ணால் முடியாததைக் காமிரா செய்துவிடும் என்ற தைரியத்தில்தான், தலை நரைத்த பிறகு நானும் ஒரு காமிராவை வாங்கிக்கொண்டு, ஆடி மாதம் அந்தியூரில் கூடும் குதிரைச் சந்தைக்குப் போனேன். கணக்கெல்லாம் பாடம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் குதிரை வினாடிக்குப் பத்து மீட்டர் போகிறது. ஷட்டர் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்தால், அதற்குள் குதிரை நகர்வது ஒரே சென்டிமீட்டர். படம் துல்லியமாக விழும். ஐம்பதில் ஒரு பங்கு என்றால் இருபது சென்டிமீட்டர். குதிரையோடு கூடவே காமிராவையும் திருப்பிக்கொண்டு போனால், பின்னணி கலைந்து வேகம் மட்டும் படத்தில் தங்கும்.

எல்லாம் சரி, எப்போது அழுத்துவது? கண் சொல்லி, மூளை கேட்டு, விரல் அசைவதற்குள் அந்தக் கணம் போய்விடுகிறதே!

பக்கத்தில் நின்ற குதிரைக்காரப் பெரியவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"காலையே பாத்துட்டு நின்னா ஆவாதுங்க. காதைக் குடுங்க."

கொடுத்தேன். பாய்ச்சலுக்குச் சற்றே குறைந்த ஓட்டத்தில் குளம்புகள் மூன்று தட்டுத் தட்டுகின்றன. பிறகு ஒரு மௌனம். மறுபடி மூன்று, மறுபடி மௌனம். மிருதங்கக்காரர் 'தகிட' என்று வாசித்துக் கார்வை விடுவதுபோல. அந்த மௌனத்தில்தான் நான்கு கால்களும் ஆகாயத்தில் இருக்கின்றன! மூன்றாவது தட்டு கேட்கும்போதே அழுத்தினால், கார்வையில் படம் விழுகிறது.

அப்படி விழுந்த முதல் படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். குதிரை அந்தரத்தில் நின்றது; பிடரி பறந்தது; மேலே அவருடைய பேரன் சிரித்துக்கொண்டிருந்தான். பெரியவர் கால்களைப் பார்க்கவே இல்லை. வாயைப் பார்த்தார். கடிவாளத்தை இழுத்த இழுப்பில் அது பிளந்திருந்தது. காதுகள் பின்னே படிந்திருந்தன. கண்ணில் வெள்ளை தெரிந்தது.

"லகானை விட்டுப் புடிடா, கண்ணு!" என்று மைதானத்தைப் பார்த்துக் கத்தினார்.

அடுத்த சுற்றில் குதிரை கழுத்தை நீட்டி, காதுகளை முன்னே நிமிர்த்தி ஓடிற்று. இந்த முறை ஐம்பதில் ஒரு பங்கு வைத்து எடுத்தேன். கால்கள் கலங்கித்தான் இருந்தன. பெரியவர் அந்தப் படத்தைத்தான் தமக்கு வேண்டும் என்று கேட்டார்.

துல்லியமான படம் எனக்கு மிஞ்சிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் அந்தக் கால்களைக் கண்டு வியக்கிறார்கள். எனக்கு மட்டும் பார்வை வாயைவிட்டு நகர்வதில்லை.