நான் பேசிய பேரம்

கத்தரிக்காய் வாங்க என்னை அனுப்புவதில்லை என்று என் வீட்டில் வெகு காலமாக ஒரு தீர்மானம் அமலில் இருக்கிறது. கதை எழுதுகிறவனைக் கண்டால் காய்கறிக்காரிக்குக்கூட எப்படியோ தெரிந்துவிடுகிறது. அவள் சொன்ன விலையைக் கொடுத்து, பாவம், வெயிலில் உட்கார்ந்திருக்கிறாளே என்று மேலே இரண்டு ரூபாயும் போட்டுவிட்டு, சொத்தைக் காய்களுடன் திரும்பி வருவேன். இப்பேர்ப்பட்ட நான் ஆயுளில் ஒரே ஒரு தடவை பேரம் பேசி ஜெயித்தேன். 2023ஆம் வருஷம் ஆடி மாதம், திருப்பூரில். அந்த வெற்றியைத்தான் சொல்லப் போகிறேன்.

என் அக்கா பெண் லண்டனில் இருக்கிறாள். முதல் பிரசவம் ஆன பிறகு, குழந்தைக்குப் பால் கொடுக்க வசதியான மேல்சட்டை ஒன்றுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினாளாம். கிடைத்ததெல்லாம் ஆஸ்பத்திரிச் சட்டை மாதிரி இருந்தது, அல்லது யானை விலை விற்றது. உடனே, தானே ஒன்றை வரைந்து, தைத்துப் போட்டுக்கொண்டு, நாலு சிநேகிதிகளுக்கும் தைத்துக் கொடுத்து, ஆறு மாதத்தில் ஒரு வியாபாரியாகவே ஆகிவிட்டாள். இனித் தன் கையால் தைத்து மாளாது. எந்த நாட்டில், யாரிடம் கொடுத்துத் தைப்பது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு அவள் ஒரு நோட்டுப் புத்தகம் முழுவதும் விடை எழுதி வைத்திருந்தாள். போர்ச்சுகல் பக்கத்தில் இருக்கிறது, வேலையும் சுத்தம். ஆனால் கூலி கட்டாது. வங்கதேசத்துத் துணிக்கு பிரிட்டனில் சுங்க வரி கிடையாது. நம் ஊர்த் துணிக்கு அப்போது வரி உண்டு. அந்த லாபத்தைப் பார்த்து அவள் டாக்காவுக்கே போய்விடலாம் என்று இருந்தாள். ஆனால் அங்கே பெரிய பெரிய ஆர்டர்களை வாங்கிப் பழகியவர்கள். இவளுடைய சில நூறு சட்டைகளை யார் சீந்துவார்கள்? லண்டனிலிருந்து ரயிலேறினால் சீக்கிரமே போய்விடக்கூடிய லீஸ்டர் நகரிலேயே கொடுத்துவிடலாமே என்றால், அங்கே சில தையற்கூடங்களில் சட்டப்படி கொடுக்க வேண்டிய கூலியில் பாதியைக்கூடக் கொடுப்பதில்லை என்று 2020இல் பத்திரிகைகள் நாறடித்திருந்தன. அநியாயம் நடக்கக் கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்பதில்லை, பாருங்கள்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் கணக்கு எதுவும் இல்லை. 2013, ஏப்ரல் 24 என்ற தேதி மட்டும் இருந்தது. டாக்காவுக்கு அருகே சவார் என்ற இடத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்த நாள் அது. முதல் நாளே சுவரில் விரிசல் கண்டு, கீழ்த்தளத்தில் இருந்த பாங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். தையற்கூடத்து ஜனங்களை மட்டும் மறுநாள் காலையில் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள். இடிபாடுகளில் எந்தெந்தக் கம்பெனியின் முத்திரைத் துணி கிடந்ததோ, அவர்களில் சிலர், "நாங்கள் அங்கே வேலை கொடுக்கவே இல்லை, எங்களுக்குத் தெரியாமல் கைமாற்றி விட்டிருக்கிறார்கள்" என்றார்கள். சிலர் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம்.

"மாமா, என் சட்டையை யார் தைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்" என்றாள் அக்கா பெண்.

அதனால் திருப்பூர் என்று முடிவாயிற்று. பாஷை தெரியும், பக்கத்தில் மாமா இருக்கிறார். நாவல் எழுதுகிறவனுக்கு மனிதர்களின் முகத்தைப் பார்த்ததுமே உள்ளம் தெரியும் என்று அவளுக்கு ஓர் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தை நான் கலைக்கவில்லை.

முதலில் போனது ஒரு பெரிய பனியன் கம்பெனி. குளிர்சாதன அறை, வெள்ளிச் செம்பில் தண்ணீர், சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். சாயத் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பவும் உபயோகிக்கிறோம் என்று ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். அதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. நொய்யல் ஆறு நிறம் நிறமாக ஓடியதையும், ஒரத்துப்பாளையம் அணையில் தண்ணீருக்குப் பதில் சாயக் கழிவு தேங்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையெல்லாம் ஒரேயடியாக மூடச் சொன்னதையும் அறிந்தவர்களுக்கு அந்தப் படத்தின் விலை தெரியும். ஆனால் அந்தக் கம்பெனியில் ஒரு நிறத்துக்கு மூவாயிரம் சட்டைக்குக் குறைந்து கை வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல காப்பி கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

இரண்டாவது இடத்து மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. நெற்றியில் திருநீறு, வாயில் ஓயாத சிரிப்பு. எத்தனை சட்டை? பண்ணிப்போடலாமுங்க. எத்தனை நாளில்? எப்பச் சொன்னாலும் சரிங்க. விலை 196 ரூபாய். "இவரிடமே கொடுத்துவிடு. மனிதர் தங்கம்" என்றேன். அக்கா பெண் ஒன்றும் சொல்லாமல் அவருடைய துணியில் ஒரு துண்டு வாங்கி வந்தாள். லாட்ஜ் அறையில் அதில் ஐம்பது சென்டிமீட்டருக்கு ஒரு சதுரம் வரைந்து, பக்கெட்டில் சோப்புப் போட்டு அலசி, மின்விசிறியின் கீழ் உலர்த்தி, மறுபடி அளந்தாள். நாற்பத்தேழு. முகம் பார்த்து உள்ளம் அறியும் என் சாமர்த்தியம் ஒரு பக்கெட் தண்ணீரில் சுருங்கிப் போயிற்று.

மூன்றாவது இடம் ஒரு சந்துக்குள். இருபது மெஷின், மேலே ஓட்டுக்கூரை. நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். செக்கிங் வேலைக்கு வந்து, ஓவர்லாக் பழகி, பிறகு சொந்தமாக நாலு மெஷின் போட்டு வளர்ந்தவர். அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் "ஆகாதுங்க" தான். ஒரு நிறத்தில் நூறு சட்டை தருவீர்களா? ஆகாதுங்க. ஏன்?

"சாயப்பட்டறைக்காரரு நூறு கிலோத் துணி இருந்தாத்தான் எனக்கு மிசினை ஓட்டிக் குடுப்பாருங்க அம்மணி. ஒரு சட்டைக்குக் கால் கிலோத் துணி. கணக்குப் போட்டுக்குங்க, நானூறு சட்டை வந்துருது. நாலு கலருன்னா ஆயிரத்தறநூறு. அதுக்குக் கீழ வேணுமின்னா ஊருல மிச்சம் கிடக்கிற துணியத்தான் வாங்கோணும். அது நாளைக்கு மறுபடியும் அதே கலருல கிடைக்காதுங்க."

இவ்வளவு நேரம் வரை எங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் இது. பிறகு அவர் வட்டமாக வெட்டுகிற கருவி ஒன்றை எடுத்து, எங்கள் எதிரிலேயே துணியில் ஒரு வட்டம் வெட்டி, சின்னத் தராசில் வைத்தார். 1.8 கிராம். அதை நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 180 கிராம், கேட்டது அதுதான். அக்கா பெண்ணின் முகம் மலர்ந்தது. விலை 218 ரூபாய் என்றார். இவளும் சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் எனக்குள் உறங்கிக் கிடந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

"அம்மா, இன்னோர் இடத்தில் 196 என்கிறார்கள். முதல் ஆர்டர் வேறு. நீங்கள் பார்த்துச் செய்ய வேண்டும்" என்று ஆரம்பித்தேன். வெளிநாட்டில் தனியாகக் கஷ்டப்படும் பெண், கைக்குழந்தை, வங்கிக் கடன் என்று ஒரு பாத்திரப் படைப்பே நடத்தினேன். அரை மணி நேரம். கடைசியில் அந்த அம்மாள் சுவரில் தொங்கிய காலண்டரைச் சற்று நேரம் பார்த்தார். "சரிங்க. பெரியவங்க சொல்றீங்க. 207 போட்டுக்குங்க" என்றார்.

பதினோரு ரூபாய்! ஆயிரத்தறுநூறு சட்டைக்குப் பதினேழாயிரத்து அறுநூறு ரூபாய்! அன்று ராத்திரி என் மனைவிக்குத் தொலைபேசியில் இதை மூன்று தடவை சொன்னேன். அந்தச் சட்டை லண்டனில் 28 பவுனுக்கு விற்கப் போகிறது என்பதும், நான் ஜெயித்த பதினோரு ரூபாய் ஒரு பவுனில் பத்தில் ஒரு பங்குதான் என்பதும் அப்போது என் கணக்கில் வரவில்லை. கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு முடித்துக்கொண்டவனின் கணக்கு.

அக்கா பெண் விமானம் ஏறிவிட்டாள். அக்டோபரில் தையல் ஆரம்பமானதும், "மாமா, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று செய்தி அனுப்பினாள். போனேன். முடிந்த சட்டைகள் இரண்டு அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சட்டையை எடுத்து, கீழ் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

இதற்கு எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இல்லை, சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என் தாயார் கும்பகோணத்தில் ஒரு தையற்கடைக்கு ரவிக்கைகள் வாங்கி வந்து, கொக்கி வைத்து, ஹெம்மிங் செய்து கொடுப்பாள். என் கல்லூரிச் சம்பளமே அந்தக் கொக்கிகள்தான். ஒரு தடவை கடைக்காரர் ரவிக்கைக்குக் கால் ரூபாய் குறைத்துவிட்டார். அம்மா சண்டை போடவில்லை. "அவர் கால் ரூபாயைக் குறைத்தால் என் ஊசி ஓர் எட்டுத் தள்ளி விழும். அவ்வளவுதானே?" என்று சொல்லிக்கொண்டு தைத்தாள்.

ஒரு சட்டையில் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் இருந்தது. மற்றதில் எட்டு.

அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் மழுப்பவில்லை. "வாங்க" என்று தம் ஸ்கூட்டரின் பின்னால் என்னை உட்கார வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அந்திப் பொழுது. இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். வேறு வாசல் இல்லை. ஆறு மெஷின்கள். சட்டத்தில் புடவையைக் கட்டித் தூளி போட்டிருந்தது. அதில் ஒரு குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு பெண், ஒரு காலால் மெஷினை மிதித்துக்கொண்டு, ஒரு கையை நீட்டித் தூளியை ஆட்டிக்கொண்டு, "இந்தக் கட்டு முடிஞ்சுரட்டும், இந்தக் கட்டு முடிஞ்சுரட்டும்" என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தைத்துக்கொண்டிருந்தது எங்கள் சட்டை. பால் கொடுக்கிற தாய்மார்களுக்கான சட்டை.

கதையில் இப்படி எழுதினால் என் பத்திராதிபர், "ரொம்பவும் ஜோடித்திருக்கிறீர்கள்" என்று அடித்துவிடுவார்.

வெளியே வந்ததும் அந்த அம்மாள் கேட்டார்: "நீங்க கொறச்ச பதினோரு ரூபா எங்கிருந்து வருமின்னு நெனச்சீங்க? துணி வெல கொறையாது, சாயக் கூலி கொறையாது. என்ர கம்பெனியில சிப்ட் கூலி, பி.எப்., ஈ.எஸ்.ஐ. இருக்குது. இங்க பீஸ் ரேட்டு. பாதியை இங்க தள்ளித்தானுங்க உங்க வெலைக்குக் கட்டுச்சு."

எனக்கு வாய் எழவில்லை. ராத்திரி லண்டனுக்குப் பேசினேன். அவள் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "உங்களைப் பேரம் பேசச் சொன்னது யார் மாமா?" என்று கேட்டாள். பிறந்தது முதல் என்னிடம் அவள் குரல் உயர்த்திப் பேசியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

218 ரூபாயே கொடுப்பது, ஒரு சட்டைகூடக் கம்பெனியை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஏற்பாடாயிற்று. கொட்டகையில் தைத்ததைப் பிரித்துத் தைக்க வேண்டும். அதற்குள் வேறு ஆர்டர் மெஷின்களைப் பிடித்துக்கொண்டது. பிறகு தீபாவளி வந்து, எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். கப்பலில் போக வேண்டிய சரக்கு ஆகாய விமானத்தில் போயிற்று. அந்த வருஷம் அவளுக்கு லாபம் என்று ஒன்றும் நிற்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் யோக்கியதையினால் முதலில் வேலை போனது அந்தத் தூளிக்காரிக்குத்தான். "கம்பெனிக்கே வரச் சொல்லுங்களேன்" என்றேன். "சொன்னேனுங்க. கொழந்தைய எங்க வெப்பா?" என்றார் அம்மாள். அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டப்படி, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும். அவர் கம்பெனியில் பெண்கள் இருபத்தெட்டுப் பேர். இது தற்செயலா என்று நான் கேட்கவில்லை.

2024இல் இரண்டாவது ஆர்டர் கொடுக்கும்போது அக்கா பெண் அந்த அறையைப் பற்றிக் கேட்டாள். "எடம் இருக்குது கண்ணு. ஆயா சம்பளம் யாரு குடுப்பா?" கணக்குப் போட்டதில் சட்டைக்கு நாலு ரூபாய் வந்தது. அவள் சரி என்று சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கொட்டகைப் பெண்ணைப் பற்றி விசாரித்தேன். ஒட்டன்சத்திரம் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டாளாம்.

வேறு யாரும் அந்த நாலு ரூபாயைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. எங்கள் ஆர்டர் ஓடுகிற மாதங்களில் ஆயா வருகிறாள். மூன்று தூளி தொங்குகிறது. மற்ற மாதங்களில் அந்த அறையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.