வட்டுக்கோட்டைக் கூத்து

யாழ் நகரிலிருந்து காரைநகர் வீதியால் மானிப்பாய், சங்கானை, சித்தங்கேணி கடந்து போனால் வட்டுக்கோட்டை வரும். 1823இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினரியாலும், 1976ஆம் ஆண்டுத் தீர்மானத்தாலும் பலர் இந்த ஊரை அறிவார்கள். வயலும் பனையும் சூழ்ந்த இவ்வூருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது வடமோடிக் கூத்து.

பாரதக் கதையைக் கூத்தாகப் பழக மாதக்கணக்காகும். பகலில் தோட்டத்தில் நின்றவர்கள் இரவில் கூடுவார்கள். அண்ணாவியார் மத்தளம் அடித்துப் பாட்டும் ஆட்டமும் பழக்குவார். அரங்கேற்றத்தன்று ஊரவர் பாயோடு வந்து விடியும்வரை இருந்து பார்ப்பார்கள்.

அந்நாளில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். களரியில் பெண்களுக்கு இடமில்லை. ஆனாலும் பாயில் இருந்து கேட்ட பெண்களுக்குப் பாட்டுகள் மனப்பாடம்.

1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. கிரீடத்தையும் உடுப்பையும் எத்தனை பேரால் காவிச் செல்ல முடிந்திருக்கும்? பாட்டு மட்டும் நெஞ்சோடு போனது. 1996இல் ஊர் திரும்பியவர்களோடு அதுவும் திரும்பியது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோய் மதிப்புத் தேடிக்கொடுத்தார். இன்று பெண்பிள்ளைகளும் சலங்கை கட்டி ஆடுகிறார்கள்.

சகோதரிகளே, துணையை இழந்தவள் பாடக்கூடாது, மேடைக்கு முன்னால் வரக்கூடாது என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் காதில் போடாதீர்கள். பாட்டு அறிந்த அம்மம்மா வீட்டில் இருந்தால் ஒருநாள் பாடச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள். தெரிந்த வரியை நீங்களும் சேர்ந்து பாடுங்கள்.