சங்கரன்கோவிலில் ஒரு 15 விநாடி மர்மம்!

சங்கரன்கோவிலில் வந்து இறங்குகிறவர்களில் மூன்று ரகம். கோமதி அம்மனைக் கும்பிட்டுப் புற்றுமண் வாங்கிப் போகிறவர்கள், பிரியாணி சாப்பிட வருகிறவர்கள், விசைத்தறித் துணி வாங்க வருகிற வியாபாரிகள். (முதல் இரண்டையும் ஒரே நாளில் செய்கிற தைரியசாலிகளும் உண்டு!) 2019-ல் தென்காசி தனி மாவட்டமானதும் ஊர் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. பேச்சு மட்டும் இன்னமும் சுத்தத் திருநெல்வேலி.

நான் போனது சாமி கும்பிட. மாட்டிக்கொண்டது ஒரு துணிக்கடையில்.

நண்பனின் மாமாவுக்கு அங்கே விசைத்தறித் துணி மொத்த வியாபாரம். தரிசனம் முடித்து, மரியாதைக்கு ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமென்று போனால்... கடையில் துக்க வீட்டு அமைதி.

"கம்ப்யூட்டர் செத்துட்டு சார்" என்றார் கணக்குப்பிள்ளை.

தேதி 19. மறுநாள் 20 என்றால் ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். பி.காம். படித்தவனுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், அதற்கு மேல் வரிப் பணத்துக்கு வருஷம் 18 சதவிகித வட்டி. மாதக் கணக்கு மொத்தமும் அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது.

வியாதி விசித்திரமானது. ஸ்விட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றுகிறது. கறுப்புத் திரையில் ஒரு வரி வருகிறது. யூ.எஸ்.பி.யில் கரன்ட் அளவுக்கு மேல் போகிறதாம், 15 விநாடியில் அணைக்கப் போகிறதாம். சொன்ன வாக்குத் தவறாமல் பதினைந்தாவது விநாடி டப்! பென் டிரைவ், மவுஸ், கீபோர்டு எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்த்தாயிற்று. அப்பவும் டப்.

நான் போவதற்கு முன்பே இரண்டு மெக்கானிக்குகள் வந்து போயிருந்தார்கள். ஒருவர் எஸ்.எம்.பி.எஸ். போச்சு என்றாராம். இன்னொருவர் மதர்போர்டே போச்சு என்றாராம். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் 'சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா' என்று சண்டை போட்ட ஊராயிற்றே! அம்மன் தவமிருந்து, சுவாமி வலது பாதி சிவனாகவும் இடது பாதி திருமாலாகவும் காட்சி கொடுத்து அந்த வழக்கு தீர்ந்தது. ஆடித் தபசு அதற்கான விழாதான். இந்த வழக்குக்கு மொபெட்டில் வந்து சேர்ந்தான் ஒரு பொடியன். இருபது வயசு இருந்தால் அதிகம்.

"அண்ணாச்சி, முன்னாடி ஓட்டைல யாராச்சும் போன் சார்ஜ் போட்டாவளா?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். கேபினெட்டின் முகப்பில் இருந்த இரண்டு யூ.எஸ்.பி. ஓட்டைகளில் ஒன்றுக்கு நாக்கே இல்லை!

விஷயம் இதுதான். முகப்பில் தெரிகிற யூ.எஸ்.பி., ஹெட்போன் ஓட்டைகள் எல்லாம் ஒரு சின்னப் பலகை. அதிலிருந்து ஒயர்கள் உள்ளே மதர்போர்டுக்குப் போகின்றன. ஓட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாக்கு, அதன் மேல் நாலு தகடு. நாக்கு ஒடிந்தால் தகடுகள் ஆதரவில்லாமல் வளைந்து தொங்கும். 5 வோல்ட் தகடு பக்கத்து இரும்பு உறையைத் தொட்டால் ஷார்ட். தான் எரிந்துபோகாமல் இருக்க மதர்போர்டு எச்சரித்துவிட்டு அணைந்துகொள்கிறது. அதாவது, விசில் ஊதின கூர்க்காவையே வேலையை விட்டுத் தூக்கப் பார்த்திருக்கிறார்கள்!

நாக்கு ஏன் ஒடிகிறது? இந்தப் பழைய சதுர ஓட்டைக்கு விதிமுறை கேட்கிற உழைப்பே 1,500 தடவை செருகி எடுக்கிற வரைதான். ஒரு நாளைக்கு ஆறு தடவை என்று போட்டால் 250 நாளில் கணக்கு முடிந்தது. பின்பக்க ஓட்டைகளில் மவுஸை ஒரு தடவை செருகினால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். முகப்பு ஓட்டைதான் ஊருக்கெல்லாம் உழைக்கிறது. போதாக்குறைக்குத் தலைகீழாக வேறு செருகிக் குத்துகிறோம். 1996-ல் வந்த யூ.எஸ்.பி.யை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் இன்டெல்லில் இருந்த நம் நாட்டுக்காரர் அஜய் பட். எப்படித் திருப்பினாலும் செருகும்படி செய்திருந்தால் ஒயரும் செலவும் கூடியிருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த மிச்சத்துக்கு மாமா கடையில் இப்போது வட்டி கட்டுகிறார்கள்.

பொடியன் பிளக்கைப் பிடுங்கினான். பக்கத்து மூடியைக் கழற்றினான். பஞ்சுத் தூசி ஒரு தலையணைக்கு ஆகும். மதர்போர்டின் ஓரத்தில் செருகியிருந்த முகப்பு யூ.எஸ்.பி. ஒயரை உருவி எடுத்தான். அவ்வளவுதான்! மறுபடி ஸ்விட்ச்... பதினைந்து, பதினாறு, இருபது. அணையவில்லை. கணக்குப்பிள்ளை கோமதி அம்மனைக் கூப்பிட்ட சத்தம் சந்நிதி வரை கேட்டிருக்கும். பின்பக்க ஓட்டைகளை வைத்தே 20-ம் தேதி மத்தியானம் தாக்கல் முடிந்தது.

ஆனால் முகப்பு ஓட்டை இல்லாமல் கடை நடக்குமா? பென் டிரைவோடு வருகிறவர்கள் மேஜைக்கு அடியில் தவழ வேண்டும். அதே பலகை கிடைப்பதும் லேசில்லை. கேபினெட்டுக்குக் கேபினெட் அளவும் வளைவும் மாறும். ரிச்சி தெரு என்றால் நாலு கடை ஏறி இறங்கலாம், இங்கே?

"அண்ணாச்சி, பிளாப்பி போடுத இடம் சும்மாதானே கிடக்கு?" என்றான் பொடியன்.

பிளாப்பி செத்து எத்தனையோ வருஷமாகியும் அந்த மூன்றரை அங்குல ஜன்னல் மட்டும் பழைய கேபினெட்டில் காத்திருந்தது. அதற்குள் உட்காருகிற மாதிரி யூ.எஸ்.பி.யும் ஆடியோவும் சேர்ந்த பலகை உண்டு. திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது. மதர்போர்டு விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மாட்டுவதற்கு முன் உள்ளே இருக்கிற ஒயர்களை செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். யூ.எஸ்.பி., ஆடியோ இரண்டுக்கும் மதர்போர்டில் ஒன்பது ஒன்பது கம்பிகள். யூ.எஸ்.பி.க்கு ஒரு மூலையில் கம்பி இருக்காது. ஆடியோவுக்கு மூலைக்கு ஒன்று தள்ளி இருக்காது. அதைப் பார்த்துச் செருக வேண்டும், முரட்டுத்தனமாக அமுக்கக் கூடாது. பவர் ஸ்விட்ச் தனி ஒயர் என்பதால் அதைத் தொடவே இல்லை. (சில கேபினெட்டில் அதுவும் இதே பலகையில் இருக்கும். அப்போது ஸ்விட்ச் ஒயரையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.) பழைய பலகையைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்தப் பொந்தின் மேல் டேப் ஒட்டினான். அரை மணி நேர வேலை.

மாமா கையோடு ஒரு அட்டையில் எழுதி ஒட்டினார்: 'இங்கே யாரும் போன் சார்ஜ் போடக் கூடாது. இப்படிக்கு ஓனர்.'

சாயங்காலம் சொல்லிக்கொண்டு கிளம்பும்போது பார்த்தேன். புது ஓட்டையில் வெள்ளை ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மறுமுனையில் மாமாவின் போன்!