தாயிடம் கேட்க வேண்டியது

கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் போனால், "சந்தோஷமா இருக்கியாம்மா?" என்று தாயிடம் ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம். அவளும் "இருக்கேன்" என்பாள். பொய்யில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறாள். இரவெல்லாம் விழித்த அலுப்பையும், குளிக்கக்கூடப் பொழுதில்லாத எரிச்சலையும் அந்தக் கேள்வி தொடவே இல்லை.

உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்கள் முந்தைய நாளைப் பொழுது பொழுதாக நினைவுகூர்ந்து, ஒவ்வொன்றிலும் மகிழ்ச்சி, எரிச்சல், களைப்பு எவ்வளவு என்று தனித்தனியே 0 முதல் 6 வரை மதிப்பெண் போட்டார்கள். நல்லுணர்வு வரிசையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நேரம் சமையலுக்கும் தொலைக்காட்சிக்கும் கீழே, வீட்டு வேலைக்குச் சற்று மேலே நின்றது. பாசம் வற்றிவிட்டது என்று இதற்குப் பொருள் சொல்வது அவசரத் தீர்ப்பு. அந்த நேரம் எப்படிக் கழிந்தது என்றுதானே கேட்டார்கள்!

மகிழ்ச்சிக்கும் எரிச்சலுக்கும் தனித்தனி மதிப்பெண் வைத்ததுதான் இதில் எனக்கு முக்கியம். இரண்டையும் ஒரே கோட்டின் இரு முனைகளாக்கிவிட்டால், இரண்டும் பொங்கி நிற்பவள் நடுவில் விழுவாள். எதுவுமே தோன்றாமல் மரத்துப்போனவளும் அதே இடத்தில்தான் விழுவாள். முதலாமவளுக்கு ஒத்தாசைக்கு ஓர் ஆள் போதும். மற்றவளுக்கு மருத்துவர் தேவைப்படலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் ஒரு பெண்ணை இழந்துவிடுவோம்.

இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் 1949-இலேயே இன்னும் துணிந்து எழுதினார். தாய்க்குத் தன் குழந்தைமேல் வெறுப்பு வரக் காரணங்கள் என்று 18 அடுக்கினார். தாய் கொடுக்கும் நல்ல உணவை மறுக்கும் பிள்ளை அத்தையிடம் நன்றாகச் சாப்பிடும் என்பதும் அதில் ஒன்று. நம் வீடுகளிலும் அன்றாடம் நடப்பதுதான். இவ்வளவு வெறுப்பையும் குழந்தைமேல் காட்டாமல் தாங்குகிறாளே என்றுதான் அவர் வியந்தார்.

பேரன் பேத்தி எடுத்த என் வயதுப் பெண்களுக்குச் சொல்கிறேன்: "இன்னிக்கு எது நல்லா இருந்துச்சு? எந்த நேரம் தாங்க முடியல?" என்று இரண்டையும் கேளுங்கள். "எங்கயாவது ஓடிடலாம்னு இருந்துச்சு" என்றால், "பெத்தவ பேசுற பேச்சா இது?" என்று வாயை அடைக்காதீர்கள். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள். அழுகையோ மரத்துப்போன நிலையோ இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வருகிறது என்றால், ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.